ஜரிகை என்று நான் சொன்னது

எங்கள் எக்ஸ்ரே சென்டரின் இருட்டறையை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஏ.சி. போட்ட காத்திருப்பு அறை கட்டப்போகிறார்கள். கூடவே என்னையும் இடித்திருக்கலாம். மரியாதை கருதி ஒரு சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு. நடுவயது என்று நான் சொல்லிக்கொள்வதை என் மனைவி மறுப்பதில்லை. ஆனால் நான் சொல்லும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு இருட்டு தேவையில்லை. பொத்தானை அமுக்கிய மறுநொடி நெஞ்சு திரையில் வந்து நிற்கிறது. சந்தேகமான இடத்தைச் சுற்றிக் கணினியே மஞ்சள் கட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் கேட்டாள்: "இதெல்லாம் இல்லாதப்போ நீங்க தப்பே பண்ணதில்லையா சார்?" இல்லையே என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ ஆறி ஆடை கட்டும்வரை குடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இது. கொஞ்சம் நீளம்.

படித்த கதையைச் சொல்ல அதிகமில்லை. டாக்டர் ஆக மார்க் போதவில்லை. இரண்டு வருடம் எக்ஸ்ரே படித்தேன். அதில் உருப்படியாகக் கற்றது ஒன்று: "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதை எந்த மனநிலையிலும் ஒரே குரலில் சொல்வது. முப்பத்திரண்டு வருடம் இந்த ஊர்க்காரர்களின் மூச்சை என் சௌகரியத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். இவ்வளவு அதிகாரம் ஆரணியில் வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இருட்டறை எட்டடிக்கு ஆறடி. சிவப்பு விளக்கு ஒன்று. மூன்று தொட்டி. பெட்டியிலிருந்து பிலிமை எடுத்து எஃகுச் சட்டத்தில் மாட்டி முதல் தொட்டியில் இறக்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒன்றும் இருக்காது. பிறகு ஆள் வர ஆரம்பிப்பார். முதலில் நெஞ்சைச் சுற்றியுள்ள வெற்றிடம் கறுக்கும், அப்புறம் இரண்டு நுரையீரலும் கறுத்து, அவற்றுக்கு நடுவே விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மிச்சமாகும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிற அதே ஆள், உள்ளே தண்ணீருக்கடியில் இருந்து என்னைப் பார்த்து எழுந்து வருவார். இதற்குப் பழகிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

கழுவிய பிலிம்களைக் கம்பியில் காயப்போடுவோம். மின்விசிறிக் காற்றுக்கு அவை ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொள்ளும். நெஞ்சும் நெஞ்சும் இடித்துக்கொள்ளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆரணியில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜரிகையில் இருப்பது உலோகம். எக்ஸ்ரேக்கு உலோகம் என்றால் பால் வெள்ளை. கல்யாணத்துக்குப் போகிற வழியில் அப்படியே வந்து நிற்கும் பெண்களுக்கு இடுப்பெலும்பின் மேல் கோபுரக் கரை ஓடும். ஒரு மாப்பிள்ளைப் பையனின் தோள்பட்டைக்குக் கீழே அன்னப்பறவை ஒன்று நீந்திக்கொண்டிருந்தது, அங்கவஸ்திரம். தாயத்து, ஊக்கு, எண்ணெய் வைத்த பின்னல் எல்லாமே நுரையீரலில் நோயாக வேஷம் போடும். கவுன் கொடுத்தால் பெண்கள் கூசுவார்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் உடன்வந்த கூட்டமே எழுந்து நிற்கும். அதனால் ஒரு ஏற்பாடு: சங்கிலியை மேலே தூக்கி, தாலியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். ஆரணிப் பெண்களின் பழைய நெஞ்சுப் படங்களில் தாடை கொஞ்சம் தூக்கியிருக்கும். வேறு ஊர் டாக்டர்களுக்கு இது ஏன் என்று தெரியாது.

இதில் நான் நிபுணன் ஆனேன். கோபுரமா, மயில்கண்ணா, புட்டாவா என்று ஈரப் பிலிமைப் பார்த்தே சொல்வேன். எங்கள் டாக்டர் ஒருமுறை, "ஜரிகை விஷயத்துல உன் கண்ணு நல்ல கண்ணுய்யா" என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவை. அதுவும் பாராட்டாமல் இருந்திருக்கலாம்.

டாக்டர் வியாழக்கிழமைகளில் வேலூரிலிருந்து வருவார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருவது போல வருவார். பெயர் எழுதிய மூலையைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, முதலில் படத்தைத் தலைகீழாக மாட்டுவார். தோள், கழுத்து, விலாக்களின் ஓரம், வயிற்றின் மேல்விளிம்பு என்று சுற்றிச் சுற்றி வந்து நுரையீரலுக்குக் கடைசியில்தான் வருவார். "பாக்க வேண்டியத முதல்ல பாத்துட்டா, மத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியாம போயிடும்யா" என்பார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நல்ல படங்களை எல்லாம் முடித்த பிறகு, நான் கெட்டுப்போனது என்று ஒதுக்கிய பிலிம் பெட்டியைக் கேட்பார். அதையும் ஒன்றுவிடாமல் பார்ப்பார். என் குறைகளைக் கண்டுபிடிக்கத்தான் என்று பல வருடம் அவர்மேல் கோபமாக இருந்தேன். காரணம் அதுவேதான்.

தனலட்சுமி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பத்தாறு வயது. சேத்துப்பட்டு சாலையில் ஒரு நெசவாளர் கிராமம். மூன்று மாதமாக வறட்டு இருமல் என்று அவள் ஊர் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் சென்டரில் பெண்களைத் தயார் செய்கிற சரோஜாம்மா அன்று லீவு. கவுனை நீட்டினேன், அதை அவள் தொடவே இல்லை. சரி, ரவிக்கையோடு நில்லுங்கள் என்றேன். தாலியைக் கடித்துக்கொண்டாள். மூச்சை இழுக்கச் சொன்னேன், இழுக்கும்போதே இருமினாள். மறுபடி சொன்னேன். பிடித்தாள்.

இருட்டறையில் அந்தப் பிலிம் எழுந்து வந்தபோது நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன் என்பதை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். இடது பக்க நெஞ்சில் ஒரு கூடு இருந்தது. குருவிக்கூடு போல, மயிரிழைக் கம்பிகள் சுருண்டு, வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, விலா எலும்புகளைவிட வெள்ளையாக. சட்டத்தை அசைத்தபோது தண்ணீர் அலையில் அந்தக் கூடும் அசைந்தது. ஒரு மனுஷி நெஞ்சுக்குள் எதுவோ குடிவந்து முட்டையிடத் தயாராகிவிட்டது போல இருந்தது.

ஈரப் பிலிமோடு வெளியே வந்தேன். "இந்தப் பக்கம் இன்னாம்மா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவள் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதி ஆன பிறகு சொன்னாள். ஆறு வருடம் முன்னால் வேலூரில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது, கூடவே இருக்கும் மாமியாருக்கும் தெரியாது. வெற்றிடம் தெரியாமல் இருக்க, தறியில் மிஞ்சும் கழிவுப் பட்டு நூலைத் துணிப்பையில் திணித்துத் தைத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறாள்.

"பஞ்சு வெச்சா எடை இல்ல சார், மேல ஏறிகினு போவுது. ஜரிகை துண்டு கலந்தா நல்லா உக்காருது."

எனக்கு நிம்மதி வந்தது. நிம்மதியைத் தொடர்ந்து கர்வம் வந்தது. என் கண் அல்லவா கண்டுபிடித்தது! பிலிமை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தேன். வலது பக்கம் கீழே மங்கலாகச் சில உருண்டைகள் இருந்தன. சிந்திய ஜரிகைத் துணுக்கு, வேறென்ன. நெசவுக்காரப் பெண்ணின் ரவிக்கையில் எங்கேதான் ஜரிகை ஒட்டாது? பையை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுக்கலாம் என்றேன். பெண் ஆள் இல்லையே என்றாள். அப்படியானால் வியாழக்கிழமை வாருங்கள், சரோஜாம்மா இருப்பாள் என்றேன்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். அது திரும்ப வந்துடுச்சோன்னு பயந்துகினே வந்தேன். நெஞ்சு சுத்தமா இருக்குதா?"

படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அது டாக்டரின் வேலை. சுவரில் எழுதியே மாட்டியிருந்தோம். நான் சொன்னேன்: "சுத்தம்மா. தெரியறது பூரா ஜரிகை."

அவள் முகம் எப்படி ஆனது என்று எழுத ஆசைதான். நான் பார்க்கவில்லை. பிலிமைக் கெட்டுப்போனவற்றின் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. சுத்தம் என்று சொன்ன பிறகு எதற்கு வருவாள்? டாக்டரும் சொந்த வேலையாக இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வியாழன், எல்லாப் படமும் முடிந்து கெட்டுப்போன பெட்டியைக் கேட்டார். கூட்டைப் பார்த்ததும் எனக்குக் கதை சொல்லும் உற்சாகம் பொங்கியது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிலிமைத் தலைகீழாக மாட்டி, சுற்றி வந்து, கடைசியில் நுரையீரலில் நின்றார். அங்கேயே நின்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"எந்தப் பக்கத்து மார்ப எடுத்தாங்க?"

"இடது சார்."

"பை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது."

படத்தின் மூலையில் ஈயத்தால் செய்த அடையாள எழுத்து இருக்கும். வலது பக்கம் எது என்று சொல்ல. அதை விரலால் தொட்டார். அப்படியே கீழே இறங்கி அந்த மங்கலான உருண்டைகளில் ஒவ்வொன்றாக வைத்தார். மூன்று. நான்காவது ஒன்று, இதய நிழலின் ஓரத்தில், நான் பார்க்கவே இல்லாதது.

"ஜரிகை இந்தப் பக்கம் எப்படிய்யா வந்துச்சு?"

நான் பிலிமுக்குக் கிட்டே போனேன்.

"ஓரத்தப் பாரு. உலோகத்துக்கு ஓரம் வெட்டுன மாதிரி இருக்கும். இது கரையுது பாரு. இது நெஞ்ச சேர்ந்தது."

இடது மார்பில் இருந்ததை எடுத்து ஆறு வருடம் ஆகிறதே, வலது நுரையீரலுக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். என் தப்பை விட்டு அவரைத் திசைதிருப்பத்தான் கேட்டேன். ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் என்னிடம் உட்கார்ந்து பேசியது அதுவே முதலும் கடைசியும்.

எடுத்தது கட்டியை, என்றார். கட்டி வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அதிலிருந்து தனித்தனிச் செல்கள் கழன்று வெளியே நடக்க ஆரம்பித்துவிடும். சில அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில் போய்த் தங்கும். சில அங்கிருந்தோ நேராகவோ ரத்தக்குழாய்க்குள் நுழைந்துவிடும். நுழைந்தால் உடம்பு முழுக்கச் சுற்றித் திரும்புகிற ரத்தத்தோடு இதயத்தின் வலப்பக்கத்துக்கு வரும். இதயம் அதை அடுத்து அனுப்புவது நுரையீரலுக்கு, இரண்டுக்கும் சேர்த்து. கிளம்பியது இடதா வலதா என்று இதயம் கேட்பதில்லை. நுரையீரலில் குழாய்கள் பிரிந்து பிரிந்து மயிரைவிடப் பல மடங்கு மெல்லியதாகிவிடும். சல்லடை மாதிரி. அங்கே இந்தச் செல்கள் சிக்கும். கீழ்ப்பக்கம் ரத்தம் அதிகம் ஓடுவதால் பல நேரம் அங்கேதான் முதலில் கண்ணில் படும். சிக்கியதில் பெரும்பாலானவை செத்துப்போகும். சாகாத சில குழாய்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்காரும். உடனே வளராது. பிரியாது. சும்மா இருக்கும். அப்போது எந்த எக்ஸ்ரேவும் அதைப் பார்க்காது.

"எவ்ளோ நாள் சார் சும்மா இருக்கும்?"

"வருஷக்கணக்கா. சிலருக்குச் சாகிறவரைக்கும் எழுந்துக்கறதே இல்ல. சிலருக்கு ஒருநாள் எழுந்துக்குது."

"ஏன் எழுந்துக்குது?"

"அது முழுசாத் தெரிஞ்சா நான் எதுக்குய்யா வாராவாரம் ஆரணிக்கு பஸ் ஏறி வரேன்?"

இன்னொன்றும் சொன்னார். நுரையீரலில் வளர்ந்தாலும் அது நுரையீரல் புற்று இல்லை. அது இன்னும் மார்புதான். மார்பின் குணத்தோடுதான் அங்கே வளர்கிறது, மார்புக்குக் கொடுக்கிற மருந்துக்குத்தான் கேட்கும். ஒரு வீட்டை விட்டுக் கிளம்பிய ஆள் வேறு வீட்டில், வேறு திசையில், பழைய வீட்டின் பழக்கங்களோடு உட்கார்ந்திருப்பது போல. அதைக் கேட்டபோது இருட்டறைக்குள் கம்பியில் பிலிம்கள் தட்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. அதில் எத்தனை நெஞ்சில் எது எவ்வளவு வருடமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறதோ என்று தோன்றியது. என் நெஞ்சைக் கூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எக்ஸ்ரே எடுப்பவன் கையால் தொட்டு என்ன கண்டுபிடிப்பானோ.

டாக்டர் செருப்பைப் போட்டுக்கொண்டார். "சுத்தம்னு சொன்னது நீதான. நீயே போய்ச் சொல்லு. ஜல்தியா போ."

பதிவேட்டில் பெயரும் வயதும் ஊரும் இருந்தன. போன் இல்லை என்று எழுதியிருந்தது. மறுநாள் மதியம் சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில்தான் என் நிலைமை எனக்கு உறைத்தது. அவள் முகம் நினைவில்லை. மூன்றாவது விலா எலும்பு லேசாகக் கோணியிருப்பது நினைவிருந்தது. இதை வைத்து யாரிடம் விசாரிப்பது? எக்ஸ்ரேக்காரன் வந்திருக்கிறேன் என்று வாய் திறந்தால், ஆறு வருடமாக அவள் தைத்து வைத்திருப்பதை நான் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடுவேன்.

டீக்கடைக்காரர் அந்தத் தெருவில் மூன்று தனலட்சுமி இருப்பதாகச் சொல்லி, எந்தத் தனலட்சுமி என்று கேட்டார். பட்டுப்புடவை நெய்கிறவர் என்றேன். மூவரும் பட்டுதான் நெய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை, நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் கதவுகள் பாதி சாத்தி, உள்ளே தறிகள். பலகை இடிக்கும் சத்தம் தெரு முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தது, யாரும் இல்லாத ஊரில் வீடுகள் தாமே மூச்சு விடுவது போல. மெதுவாக நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். ஒரு வீட்டில் தறி தட்டியது, தட்டியது, நின்றது. இரண்டு வறட்டு இருமல். மறுபடி தட்டியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எட்டுத் தட்டு. நின்றது. இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியும். மூச்சை இழுக்கச் சொன்ன இடத்தில் கேட்டது.

வாசலில் மாமியார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "இன்னா வேணும்பா?" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: புடவை ஆர்டர் கொடுக்க வந்தேன். எனக்குக் கல்யாண வயதில் பெண்ணும் கிடையாது, பையனும் கிடையாது. என்ன மாதிரி வேண்டும் என்றார். சுவரில் மாட்டியிருந்ததில் கண்ணில் பட்ட ஒன்றைக் காட்டினேன். அது உடல் முழுக்க ஊடு ஜரிகையாகவே ஓடும் டிஷ்யூ புடவை என்று பிறகுதான் தெரிந்தது. பதற்றத்தில் விரல் காட்டியவன் இப்படித்தான் காட்டுவான். மாமியார் முகம் மலர்ந்து, நிறம் பார்க்க நூல்கண்டுகளை எடுத்துவர உள்ளறைக்குப் போனார்.

தறிக்குழியிலிருந்து தனலட்சுமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடையாளம் கண்டுகொண்டுவிட்டாள். கையில் பிடித்த தறி நாடா அப்படியே நின்றது.

"நெஞ்சு சுத்தம்னீங்களே சார்."

"தப்பா சொல்லிட்டேம்மா. ஜரிகைன்னு நெனச்சிட்டேன். டாக்டர் பார்த்துட்டு அது ஜரிகை இல்லன்னாரு."

அவள் இடது பக்கத்தைக் கையால் அணைத்துக்கொண்டாள். நான் தலையசைத்தேன். "அங்க இல்ல. வலது பக்கம்."

கையை எடுத்து வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, யாரோ கணக்கில் ஏமாற்றிவிட்டது போன்ற குரலில், "அந்தப் பக்கம் நான் ஒண்ணுமே வெக்கலியே சார்" என்றாள்.

உள்ளேயிருந்து மாமியார் மாம்பழ நிறமா, மயில் கழுத்தா என்று குரல் கொடுத்தார். தனலட்சுமி கண்ணைத் துடைக்காமலே, "மாம்பழமே போடலாம்னு சொல்றாரு அத்தை" என்றாள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. என்னை மெல்லக் கேட்டாள்: "எங்க வரணும்?" திங்கட்கிழமை, சரோஜாம்மா இருப்பாள் என்றேன். "வரேன். ஆர்டர் கொடுத்தவருகிட்ட நூல் கலர் காட்டப் போறேன்னு சொல்லிகினு வரேன்" என்றாள். என் பொய்யை அவ்வளவு வேகமாக யாரும் பிழைக்க வைத்ததில்லை.

வந்தாள். பை இல்லாமல், கவுனில், சரோஜாம்மா துணையோடு இரண்டாவது படம் எடுத்தேன். முதல் தொட்டியில் அவள் எழுந்து வருவதைப் பார்க்காமல் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்தபோது கூடு காணாமல் போயிருந்தது. இடது பக்கம் எடுத்துவிட்ட மார்பின் நிழல் இல்லாமல் கூடுதலாகக் கறுத்திருந்தது. வலது பக்கம் அந்த நான்கும் அதே இடத்தில், அவசரமே இல்லாமல், ஓரம் கரைந்து உட்கார்ந்திருந்தன.

வேலூரில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதுதான்: நுரையீரலில் இருந்தது மார்பின் செல். ஐந்து வருடம் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. வேறு மாத்திரை கொடுத்தார்கள். துடைத்து எடுக்க முடியாது, அடக்கி வைக்கலாம் என்று அவளிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதினாறு நாளால் ஏதாவது கெட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். பதினாறு நாளில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றார். கொஞ்சம் நடந்துபோய்த் திரும்பி வந்து, "ஆனா நான் அந்தப் பொட்டியக் கேக்காம விட்டிருந்தா?" என்றார். அதோடு அதைப் பற்றிப் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்துப் புடவை வந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன், அவள் மறக்கவில்லை. தானே கொண்டுவந்தாள். முகம் தெளிந்திருந்தது. பேசி முடிக்கும்வரை ஒரு தடவைகூட இருமவில்லை. நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"முதல் பாதியில கோடு கோடா இருக்கும் சார்" என்றாள். "இரும இரும கை நின்னு போச்சு. தறி நின்னு ஓடுற எடத்துல கோடு வுழுந்துடும். பிரிச்சு நெய்றேன்னேன், வீட்டுக்காரர் வாணாம்னுட்டார். விலை கொறச்சுக்குங்க."

குறைக்கவில்லை. என் மனைவி அதை ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனாள். வெளிச்சத்தில் நின்றபோது உறவுக்காரப் பெண் ஒருத்தி கோடுகளைத் தொட்டுக் காட்டி, பார்த்து வாங்கக் கூடாதா என்று கேட்டுவிட்டாள். அன்றோடு புடவை பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. யாரிடம் வாங்கினேன், எப்படி வாங்கினேன் என்பதை மனைவியிடம் நான் சொல்லவில்லை. தனலட்சுமியின் ரகசியத்தில் எனக்கும் ஒரு முனை இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மாத்திரை நான்கு வருடத்துக்கு மேல் தாங்கியது. பிறகு கேட்கவில்லை. வேறு மருந்துகளும் கொஞ்ச காலம்தான். அவள் போன செய்தியை அவள் புருஷன் வந்து சொன்னார். மாமியாருக்குக் கடைசிவரை தெரியாதாம். அந்தப் பையை அவளோடே அனுப்பிவிட்டோம் என்றார். எரிந்த பிறகு சாம்பலில் ஜரிகை மட்டும் உருண்டு மின்னியது என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பது போல என்னைப் பார்த்தார்.

இருட்டறையின் கடைசி நாளில் ஒரு பெட்டிப் பிலிம் மிச்சம் இருந்தது. தேதி முடிந்தது, நோயாளிக்கு ஆகாது. மனைவி கோயிலுக்குப் போயிருந்த காலையில் பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். புடவையைச் சென்டருக்குக் கொண்டுபோய், கைவிரல் எலும்புக்குக் கொடுக்கிற குறைந்த அளவு கதிர் வைத்து, அவள் நெய்யத் தொடங்கிய முனையிலிருந்து முழம் முழமாக மேஜையில் விரித்துப் படம் எடுத்தேன். பிலிமின் நீளத்துக்குப் பதிமூன்று படம் ஆனது. வரிசை தவறாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஈய எண் வைத்தேன். என்ன சார் பண்றீங்க என்று புதுப் பெண் கேட்டாள். பழைய கேஸ் என்றேன். பொய் இல்லை. மூச்சைப் பிடிக்கச் சொல்ல யாரும் இல்லாததால், ஒவ்வொரு தடவையும் நானே பிடித்துக்கொண்டேன்.

பதிமூன்றையும் கழுவிக் கம்பியில் வரிசையாக மாட்டிவிட்டு, டாக்டர் பார்ப்பது போலப் பார்த்தேன். ஓரங்களை முதலில்.

ஜரிகை இழைகள் மயிர்க்கோடுகளாக நெருங்கி ஓடின. முதல் படத்தில் ஆறு இடத்தில் இழை விலகி ஒரு கறுப்புக் கோடு. ஆறு இருமல். இரண்டாவதில் ஒன்பது. மூன்றிலும் நான்கிலும் நெருங்கிக்கொண்டே போயின. ஐந்தாவதை எண்ண முடியவில்லை. தெருவில் நின்று நான் கேட்டது போன்ற மதியங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஆறாவது படத்தின் நடுவில் ஓர் அகலமான கோடு. தறி பல வாரம் நின்ற இடம். வேலூர்.

அதைத் தாண்டி ஏழில் ஐந்து. எட்டில் மூன்று. ஒன்பதில் ஒன்று. பத்தில் ஒன்று, அதுவும் சந்தேகம்தான். அவள் நூல் மாற்றிய இடமாக இருக்கலாம்.

பதினொன்றில் இல்லை. பன்னிரண்டில் இல்லை. பதிமூன்றாவதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். தலைகீழாகப் பிடித்தேன். மறுபடி நேராகப் பிடித்தேன். மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் இழையாக விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு மெழுகுப் பென்சிலை எடுத்து, பெயர் எழுதும் மூலையில் தனலட்சுமி என்று எழுதி, அதற்குக் கீழே எனக்கு எழுத உரிமை இல்லாத அந்த வார்த்தைகளை எழுதினேன்: நெஞ்சு சுத்தம்.